மொத காஸ்ட்லி வாட்ச் வாங்கறதுக்கு முன்னாடி உங்க கை நாள் பூரா என்ன வேலை பண்ணுதுன்னு பாருங்க

ஒரு நல்ல வாட்ச் வாங்கோணும்னு மனசுல வந்துட்டா நம்மாளுங்க மொதல்ல கேக்கறது எந்த பிராண்டுங்க நல்லதுன்னுதான், ரெண்டாவது எவ்வளவு ஆகும்னு. நான் இந்த ரெண்டையும் அப்புறமா வெச்சுக்கலாம்னு சொல்லுவேன். நீங்க திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சு அயர்னிங் டேபிள், பாய்லர் பக்கமெல்லாம் தெனமும் சுத்தி வர்றவரா, இல்ல குறிச்சி சிட்கோவுல லேத்து, கிரைண்டிங் மெஷினோட நிக்கறவரா, திருச்செங்கோட்டுல ரிக் வண்டி ஓட்டறவரா, பொள்ளாச்சி பக்கம் தோப்பு பாக்கறவரா, இல்ல நாள் பூரா ஏசியில உக்காந்து கம்ப்யூட்டர் தட்டற வேலையா, இதைப் பொறுத்துதான் எந்த வாட்சுங்கறதே முடிவாகோணும். ஏன்னா மொத வாட்ச் பீரோவுல தூங்கக்கூடாதுங்க. கண்ணாலத்துக்கும் நோம்பிக்கும் மட்டும் எடுத்துக் கட்டறதுக்கு ரெண்டு லட்சம் போடறதுக்கு, திங்கக்கெழமை காலைல எந்திரிச்சு வேலைக்குப் போறப்ப யோசிக்காம கட்டிட்டுப் போற மாதர ஒண்ணை வாங்குனீங்கன்னா அந்தக் காசுக்கு நெம்ப நாள் சந்தோசம் இருக்கும், நான் கீழ சொல்றது பூரா இதை மனசுல வெச்சுத்தான்.

இன்னொண்ணும் மொதல்லயே தெளிவாயிடலாம். டைம் கரெக்டா காட்டறதுக்கு லட்ச ரூவா வேண்டியதில்லீங்க. 1961ல ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோட சேந்து பெங்களூர்ல ஹெச்எம்டி வாட்ச் தயாரிக்க ஆரம்பிச்சப்ப எல்லாம் சாவி குடுக்கற வாட்ச்தான், நம்ம அப்பச்சிங்க கட்டுன ஜனதா எல்லாம் அதுதான், தெனம் காலைல சாவி குடுத்து ரேடியோ டைமுக்கு வெச்சுக்குவாங்க. 1984ல டாடாவும் நம்ம கவர்மெண்டோட டிட்கோவும் கூட்டு சேந்து டைட்டன் ஆரம்பிச்சு ஓசூர்ல ஃபேக்டரி போட்டதுக்கப்புறம் பேட்டரில ஓடற குவார்ட்ஸ் வாட்ச் எல்லாரு கைக்கும் வந்துருச்சு. சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாசத்துக்கே ஒரு பதினஞ்சு செகண்டுதான் முன்னபின்ன போகும். ஆனா லட்சக்கணக்குல குடுத்து வாங்கற, பேட்டரி இல்லாத ஆட்டோமேட்டிக் வாட்ச் நாளைக்கே நாலஞ்சு செகண்டு மாறும், அது கோளாறு இல்லீங்க, அதோட இயல்பே அப்படித்தான். சுவிஸ்ல சிஓஎஸ்சின்னு ஒரு டெஸ்டிங் அமைப்பு இருக்குது, அவங்க பதினஞ்சு நாள் வெச்சு அஞ்சு பொசிசன்ல, மூணு வெப்பநிலைல ஓட்டிப் பாத்து, நாளைக்கு சராசரியா நாலு செகண்டு ஸ்லோவுல இருந்து ஆறு செகண்டு ஃபாஸ்ட் வரைக்கும் இருந்தாத்தான் குரோனோமீட்டர்னு சர்ட்டிபிகேட் குடுப்பாங்க. சர்ட்டிபிகேட் வாங்குன வாட்சே அவ்வளவு மாறலாம்னா பாத்துக்கங்க.

அப்ப காசு எதுக்குப் போகுதுங்க? செய்நேர்த்திக்குத்தான் பெரும்பங்கு, கொஞ்சம் பேருக்கும் விளம்பரத்துக்கும் போகுது, அதையும் ஒளிக்க வேண்டியதில்லை. இந்த செய்நேர்த்தியை எடை போட நம்ம ஊர்க்காரங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லைன்னு நான் நம்பறேன். துணியை ரெண்டு விரல்ல தடவிப் பாத்தே ஜிஎஸ்எம்ங்கற எடைக் கணக்கைச் சொல்றவங்க இருக்கற ஊரு, மைக்ரான் கணக்குல பேசற லேத்துக்காரங்க இருக்கற ஊரு இது. அதே கண்ணையும் கையையும் வாட்ச் மேல வையுங்க. கடைக்காரர்கிட்ட ஒரு லென்ஸ் கேளுங்க, குடுப்பாங்க. முள்ளோட ஓரம் சுத்தமா வெட்டியிருக்குதா, டயல்ல ஒட்டியிருக்கற மணிக்குறி எல்லாம் ஒரே நேரா நிக்குதா, தேதி ஜன்னலுக்கு நடுவுல நம்பர் உக்காந்திருக்குதா, பாலிஷ் பண்ணுன எடமும் மேட்டா விட்ட எடமும் சேர்ற கோடு கூர்மையா இருக்குதா மழுங்கிப் போயிருக்குதான்னு பாருங்க. செயின் கேசோட, அதாவது வாட்சோட ஒடம்போட, சேர்ற எடத்துல ஆட்டம் இருக்குதா, கொக்கியைப் போட்டா டிக்குன்னு கெட்டியா உக்காருதா, பக்கவாட்டுல இருக்கற சாவித் திருகை வெளிய இழுத்தா ஒவ்வொரு படிக்கும் தெளிவா நிக்குதா, முள்ளைத் திருப்பறப்ப தொளதொளன்னு இருக்குதா. பேரைக் கையால மறைச்சுட்டு இதை எல்லாம் பாருங்க, அப்புறம் வெலையைக் கேளுங்க. ஒரே வெலைல இருக்கற மூணு வாட்சை இப்படிப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா எதுல காசு மெஷினுக்கும் கேசுக்கும் போயிருக்குது, எதுல பேருக்குப் போயிருக்குதுன்னு உங்களுக்கே வெளங்கிரும்.

இப்ப மெஷின். மூணு வகை: பேட்டரில ஓடற குவார்ட்ஸ், கை ஆட்டத்துல தானா சாவி ஏறிக்கற ஆட்டோமேட்டிக், அப்புறம் தெனம் நாமளே சாவி குடுக்கறது. ஆட்டோமேட்டிக்தான் ஒசத்தி, குவார்ட்ஸ் மட்டம்னு ஒரு பேச்சு இருக்குது, அதை நான் ஒத்துக்க மாட்டேன். கிராண்ட் சீக்கோ 9எஃப் குவார்ட்ஸ் வருசத்துக்கே பத்து செகண்டுதான் மாறும், அதுக்குள்ள இருக்கற வேலைப்பாட்டைப் பாத்தா மலைச்சுப் போயிருவீங்க. நீங்க வாரத்துக்கு ஒருக்காத்தான் கட்டுவீங்க, எடுத்தா ஓடிட்டிருக்கோணும்னா குவார்ட்ஸ் வாங்குங்க, வெக்கப்பட ஒண்ணுமில்லை. ஆனா ஒரு சின்ன சுருள் கம்பி மணிக்கு 28,800 தடவை, அதாவது செகண்டுக்கு எட்டு தடவை துடிச்சு, பேட்டரியே இல்லாம வருசக்கணக்கா ஓடுதுங்கறதுல உங்களுக்கு ஒரு ஆச இருந்துச்சுன்னா ஆட்டோமேட்டிக்தான். அதுல பவர் ரிசர்வ் எவ்வளவுன்னு கேட்டுக்கங்க. பழைய ஈடிஏ 2824 மாதர மெஷின் முழு சாவில 38 மணி நேரம் ஓடும், வெள்ளிக்கெழமை ராத்திரி கழட்டி வெச்சா ஞாயித்துக்கெழமை மத்தியானம் நின்னு போயிருக்கும். டிஸ்ஸாட், ஹாமில்டன் எல்லாம் இப்ப 80 மணி நேர மெஷின் போடறாங்க, வெள்ளி சாயங்காலம் வெச்சு திங்கக்கெழமை காலைல எடுத்தாலும் ஓடிட்டிருக்கும், இது நெனைக்கறதை விட நெம்ப வசதிங்க.

அடுத்து காந்தம். வெளியூர்ல எழுதற வாட்ச் பேச்சுல எல்லாம் இதை ஒரு வரில தாண்டிப் போயிருவாங்க, நம்ம கோயமுத்தூர் பக்கம் அப்படித் தாண்ட முடியாதுங்க. மோட்டாரும் பம்ப்செட்டும்தான் நம்ம ஊரு பொழப்பே. மோட்டார் அசெம்ப்ளி, ஸ்பீக்கர், வெல்டிங் செட், சர்பேஸ் கிரைண்டர்ல வேலையைப் புடிச்சு நிறுத்தற மேக்னெடிக் சக், இதெல்லாம் வாட்சுக்குப் பக்கத்துல வந்தா அந்தத் துடிக்கற சுருள் கம்பில காந்தம் ஏறி சுத்துக ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், சுருள் நீளம் கொறைஞ்ச மாதர ஆயிரும், வாட்ச் திடீர்னு நாளைக்கு ரெண்டு நிமிசம் மூணு நிமிசம்னு ஃபாஸ்ட்டா ஓட ஆரம்பிச்சுரும். வாட்ச் கெட்டுப் போச்சுன்னு நெனச்சுப் பதற வேண்டாம். வாட்ச் ரிப்பேர் பாக்கறவங்ககிட்ட காந்தம் எறக்கற சின்ன மெஷின் இருக்கும், ஒரு நிமிச வேலை, பழையபடி ஆயிரும். ஆனா தெனமும் அந்த மாதர எடத்துல நிக்கறவருக்கு ஒவ்வொருக்காவும் கடைக்கு ஓட முடியாதுல்லீங்களா. அதனால நீங்க மோட்டார் லைன்லயோ மெஷின் ஷாப்லயோ இருந்தா, சுருள் கம்பி எதுல பண்ணுனதுன்னு கேட்டே ஆகோணும். சிலிக்கான்னு சொன்னா காந்தம் அதை ஒண்ணும் பண்ணாது, லாஞ்சின்ஸ் ஆட்டோமேட்டிக்ல நெறைய மாடல்ல சிலிக்கான்தான் வருது. நிவாக்ரான்னு ஒரு உலோகக் கலவை இருக்குது, டிஸ்ஸாட்ல 80 மணி நேர மெஷின்க பலதுல இப்ப அதுதான், அது காந்தத்தை நல்லா தாங்கும். இன்னும் மேல போனா ஒமேகாவோட மாஸ்டர் குரோனோமீட்டர், மேட்டாஸ்ங்கற சுவிஸ் அரசாங்க அமைப்பு 15,000 காஸ் (காந்த பலத்தை அளக்கற அலகு) காந்தத்துல வெச்சு டெஸ்ட் பண்ணி சர்ட்டிபிகேட் குடுக்கறாங்க, மோட்டார்க்காரருக்கு அதை விட நிம்மதி வேறெதுவும் இல்லை. ஐஎஸ்ஓ 764ன்னு தர நம்பர் போட்டு ஆண்டி மேக்னெடிக்னு சொன்னா அது 4,800 ஆம்பியர் பெர் மீட்டர் வரைக்கும்தான், வீட்டுப் புழக்கத்துக்குப் போதும், மேக்னெடிக் சக் பக்கத்துக்குப் போதாது. செல்போன் கவர்ல, டேப்லெட் மூடில, லேடீஸ் பேக் கொக்கில எல்லாம் கூட காந்தம் இருக்குது, ராத்திரி வாட்சைக் கழட்டி அது மேல வெச்சுராதீங்க.

தண்ணி விசயம். பின்மூடில 30 மீட்டர்னு போட்டிருந்தா முப்பது மீட்டர் ஆழத்துக்குப் போகலாம்னு அர்த்தம் இல்லீங்க, கை கழுவறப்ப தெறிக்கற தண்ணி, லேசான மழை, அவ்வளவுதான். 50ன்னா கொஞ்சம் தாராளம். கெணத்துல நீச்சல் அடிக்கறவரு, அமராவதி ஆத்துல குளிக்கறவரு, மழைக்காலத்துல பைக் ஓட்டறவரு எல்லாரும் 100 மீட்டருக்குக் கொறையாம எடுங்க, திருகு உள்ள முறுக்கி மூடற மாதர இருந்தா இன்னும் நல்லது. சூடான தண்ணியும் ஆவியும் தனி. உள்ள இருக்கற ரப்பர் வாசருக்கு சூடு ஆகாது, அதனால ஸ்டீம் அயர்ன் பக்கம், சாயப்பட்டறை பக்கம் போய்ட்டு வர்றவங்க வருசத்துக்கு ஒருக்கா தண்ணி எறங்குமான்னு பாக்கற பிரஷர் டெஸ்ட் பண்ணிக்கறது நல்லதுங்க. கண்ணாடிக்கு உள்ள ஆவி கட்டுன மாதர தெரிஞ்சா அரிசில போட்டு வெக்கறது, வெயில்ல காய வெக்கறது எல்லாம் வேண்டாம், அன்னைக்கே சர்வீசுக்குக் குடுத்துருங்க, ரெண்டு நாள் விட்டீங்கன்னா துரு புடிச்சுரும், அப்புறம் செலவு எங்கியோ போயிரும்.

வேர்வையும் அப்படித்தான். சித்திரை மாசம் ஈரோட்டுலயும் கரூர்லயும் லெதர் ஸ்ட்ராப் கட்டிட்டு ஒரு வேனக்காலம் தாண்டுனா அது உப்புப் பூத்து நாத்தம் அடிக்க ஆரம்பிச்சுரும். லெதர்தான் அழகா இருக்குதுன்னா வாங்குங்க, ஆனா மொதல்ல செயினோட இருக்கற மாடலை வாங்கிட்டு லெதரைத் தனியா பொறவு வாங்கிக்கங்க. தனியா செயின் வாங்கப் போனா கம்பெனில வெலை எகிறிரும், லெதர் எங்க வேணா கெடைக்கும். அப்புறம் கொக்கில ரெண்டு மூணு மில்லிமீட்டர் கூட்டிக் கொறைக்கற வசதி இருக்குதான்னு பாருங்க. காலைல சரியா இருக்கற வாட்ச் மத்தியான வெயில்ல கை வீங்கி இறுக்கிப் புடிக்கும், நம்ம சீதோசணத்துக்கு இந்த வசதி கட்டாயம் வேணும்னே சொல்லுவேன்.

ரிக் வண்டி, கல்லு ஒடைக்கற மெஷின், சம்மட்டி வேலைன்னா ஆட்டோமேட்டிக்கை அங்க கட்டாதீங்க. அதிர்வு தாங்கற ஏற்பாடு எல்லா நல்ல வாட்ச்லயும் இருக்குது, இருந்தாலும் நாள் பூரா அடிச்சுட்டே இருந்தா எந்த மெஷினும் தாங்காது. வேலைக்கு ஒரு கேசியோ ஜி ஷாக், மத்த நேரத்துக்கு நல்ல வாட்ச்.

கண்ணாடி சஃபயரா இருக்கோணும், லட்ச ரூவா பட்ஜெட்ல அதுல சமாதானம் ஆகாதீங்க. கடினத்தை அளக்கற மோஸ் அளவுல அது 9, வைரத்துக்கு அடுத்த எடம், மண்ணுல சுவத்துல உரசுனாலும் கோடு விழாது. கேசு 316எல் ஸ்டீல்னா போதும், கோடு விழுகும், விழுகட்டும், அது புழங்கற பொருள். கோடே விழுகக்கூடாதுங்கறவங்களுக்குத்தான் ராடோ. நம்ம பக்கம் பெரிய மாமனுங்க கையில எல்லாம் ஒரு ராடோ பாத்திருப்பீங்க. 1962ல டயாஸ்டார்னு கோடு விழுகாத வாட்சைக் கொண்டாந்தாங்க, 1986ல செராமிக்ல எறங்குனாங்க, இன்னைக்கும் அந்த செராமிக் பளபளப்பு அப்படியே நிக்கும், ஒடம்புல ஒறுத்தாது, லேசா இருக்கும். ஆனா டைல்ஸ் தரைல கீழ விட்டா ஸ்டீலாட்ட நசுங்காது, ஒடைஞ்சுரும். கை தவறிக் கீழ போடற வழக்கம் இருந்தா யோசிச்சுக்கங்க.

சைசுதான் நெம்பப் பேருக்குத் தப்பிப் போகுது. ஒரு நூலை மணிக்கட்டுல சுத்தி ஸ்கேல்ல வெச்சுப் பாருங்க. ஆறரை இன்ச் பக்கம் இருந்துச்சுன்னா 36ல இருந்து 40 மில்லிமீட்டர் வாட்ச் நல்லா இருக்கும், ஏழரைக்கு மேல போனா 42ம் தாங்கும். ஆனா விட்டத்தை விட முக்கியம், செயின் மாட்டறதுக்கு கேசுல நீட்டிட்டிருக்கற காது இருக்குதுல்லீங்களா, மேல காதுல இருந்து கீழ காது வரைக்கும் இருக்கற நீளம், அது உங்க மணிக்கட்டோட தட்டையான எடத்தைத் தாண்டி வெளிய நீட்டக்கூடாது. கேசும் செயினும் ஒட்டுக்கா வர்ற மாடல், டிஸ்ஸாட் பிஆர்எக்ஸ் மாதர, எழுதியிருக்கற சைசை விடக் கையில பெருசா தெரியும், அதனாலதான் அதுல 40 தவிர 35ம் வெச்சிருக்காங்க. போன்ல கைக்குப் பக்கத்துல வெச்சு எடுக்கற போட்டோவை நம்பாதீங்க, எந்த வாட்சும் அதுல பெருசாத்தான் தெரியும், ஆளுயரக் கண்ணாடி முன்னாடி நின்னு கையைத் தொங்கவிட்டுப் பாருங்க. கடைல ஒரு கால் மணி நேரம் கட்டிட்டே இருங்க, சட்டைக் கையை எறக்கி விட்டுப் பாருங்க, மணிக்கட்டை மடக்குனா திருகு கையில குத்துதான்னு பாருங்க, புல்லட் ஓட்டறவங்களுக்கு இது தெனமும் குத்தும். கடை லைட்டுல எல்லா டயலும் ஜொலிக்கும், அதனால வாசல் வரைக்கும் போய் வெயில்ல ஒருக்கா டைம் பாத்துட்டு வரேன்னு கேளுங்க, நல்ல கடைக்காரர் கூடவே ஒரு பையனை அனுப்பி விடுவாரு. அப்பறம் பொண்ணுங்களுக்குன்னா காசு சைசுல இருக்கற குட்டி வாட்ச்தான்னு ஒரு கட்டாயமும் இல்லீங்க, 30ல இருந்து 36 வரைக்கும் போட்டுப் பாக்கச் சொல்லுங்க, அம்மணிங்க அவங்களுக்குப் புடிச்சதை அவங்களே எடுக்கட்டும்.

பட்ஜெட்டுக்கு வரலாம். லட்சத்துக்குள்ள டிஸ்ஸாட், ஹாமில்டன், சீக்கோவோட நல்ல மாடல்க. 1853ல லெ லொக்கிள்ங்கற ஊர்ல ஆரம்பிச்ச கம்பெனி டிஸ்ஸாட், மொத சுவிஸ் ஆட்டோமேட்டிக்குக்கு இதை விட ஞாயமான எடம் இல்லைன்னு நெனைக்கறேன். ஒன்றரை, ரெண்டரை லட்சம் பக்கம் வந்தா லாஞ்சின்ஸ், 1832ல இருந்து இருக்கறாங்க, ஓரிஸ், ராடோவும் அங்கியே. அதுக்கு மேல ட்யூடர். ரோலக்ஸ் ஆரம்பிச்ச அதே ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் ஆரம்பிச்ச கம்பெனிதான், பிளாக் பே 58ன்னு 39 மில்லிமீட்டர் வாட்ச், 200 மீட்டர் தண்ணி தாங்கும், நம்ம ஊரு நடுத்தரக் கைக்கு அளவெடுத்த மாதர இருக்கும். அஞ்சு லட்சம் தாண்டுனா ஒமேகா அக்வா டெரா, 150 மீட்டர் தண்ணி, 15,000 காஸ் காந்தம் ரெண்டும் ஒரே வாட்ச்ல, ஒரே வாட்ச்தான் வாழ்நாள் பூரா, அதுவும் மோட்டார் லைன்னு ஒருத்தர் கேட்டா நான் இதைத்தான் கை காட்டுவேன். ரோலக்ஸ் நல்ல வாட்ச், அதுல ரெண்டாவது பேச்சே இல்லை, ஆனா கேட்ட மாடல் கேட்டவொடனே கெடைக்காது, அதுக்காக வெளி ஆள்கிட்ட கம்பெனி வெலைக்கு மேல எச்சாக் குடுத்து மொத வாட்சா அதை வாங்காதீங்க. டீலர்கிட்டப் பேரைக் குடுத்து வெச்சுட்டு பொறுமையா இருங்க. சுவிஸ் மேட்னு டயல்ல போட்டிருக்கறதுக்கு ஒரு கணக்கு இருக்குது, 2017 ஆரம்பத்துல இருந்து தயாரிப்புச் செலவுல கொறஞ்சது 60 சதம் சுவிட்சர்லாந்துல ஆகியிருக்கோணும், மெஷினும் சுவிஸா இருக்கோணும், கேசுல போட்டு கடைசி செக்கிங் பண்றதும் அங்கதான். அதுக்காக ஜப்பான் வாட்ச் மட்டம்னு ஆயிராது.

எந்த வெலைல வாங்குனாலும் ஈஎம்ஐ போட்டு வாங்காதீங்க. கையில காசு இருந்து, அது போனாலும் வீட்டுல ஒண்ணும் கொறையாதுங்கற நெலமைல வாங்கற பொருள் இது. அப்புறம் இதை ஒரு முதலீடுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. பவுனு வாங்குனா என்னைக்கும் அன்னன்னைக்கு வெலைக்குப் போடலாம். வாட்ச் கடை வாசலைத் தாண்டுனவொடனே வெலை எறங்கிரும், ஒரு சில ரோலக்ஸ் மாடல் மாதர விரல் விட்டு எண்ணிரலாம் எறங்காததை. தங்க வாட்சும் அதே கதைதான். முழுத் தங்கம்னா 18 கேரட்டு, அதாவது 75 சதம் தங்கம், ஆனா வாட்ச் வெலைல அந்தத் தங்கத்தோட மதிப்பு ஒரு பங்குதான். தங்க முலாம் போட்டதுன்னா வேர்வை பட்டுப்பட்டு ஓரமெல்லாம் வெளுத்துரும். தங்கம் வேணும்னா தங்கக் கடைக்குப் போங்க, வாட்ச் வேணும்னா ஸ்டீல்ல வாங்குங்க.

கண்ணாலத்துல மாப்பிள்ளைக்குப் போடறதுக்குன்னு வாங்கறவங்க நம்ம பக்கம் எச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க கடன ஒடன வாங்கி வாட்ச் எடுக்க வேண்டாமுங்க, இதை நான் மனசாரச் சொல்றேன், மாப்பிள்ளை வீட்டுல இருக்கறவங்களும் பிராண்டு பேரைச் சொல்லிக் கேக்காம இருக்கறதுதான் மரியாதை. விருப்பப்பட்டு எடுக்கறீங்கன்னா ஒளிச்சு வெச்சுக் குடுக்கோணும்னு இல்லாம மாப்பிள்ளையையே ஒருக்கா கடைக்குக் கூட்டிட்டுப் போங்க, மச்சினனும் மாமனும் போய் ஒரு பொழுது சுத்திட்டு வந்த மாதரயும் ஆச்சு, அளவும் சரியா அமையும். செயின்ல கழட்டுன கண்ணிகளை பாக்ஸ்லயே போட்டு வெக்கச் சொல்லுங்க, கண்ணாலத்துக்கப்புறம் எல்லாருக்கும் கை கொஞ்சம் சதை போடும்.

வாங்கற எடம். அந்தந்த பிராண்டோட வெப்சைட்டுல போய் ஊர் பேரைப் போட்டா அங்கீகாரம் குடுத்த டீலர் யாருன்னு காட்டும், கோயமுத்தூர்ல கிராஸ்கட் ரோடு, டிபி ரோடு, மால்னு போறதுக்கு முன்னாடி அதைப் பாத்துட்டுப் போங்க. கண்ணாடி ஷோரூமா இருக்கறதால மட்டும் அங்கீகார டீலர்னு ஆயிராது. ஞாயமா கேட்டா சில பிராண்டுல கொஞ்சம் கொறைப்பாங்க, கேக்கறதுல தப்பில்லை. பில்லு ஜிஎஸ்டியோட இருக்கோணும், வாரண்டி கார்டுல தேதியும் டீலர் பேரும் வாட்ச் சீரியல் நம்பரும் ஏறியிருக்கோணும், அந்த நம்பர் வாட்ச் மேல இருக்கறதோட ஒத்துப் போகுதான்னு அங்கியே பாத்துருங்க. ரெண்டு லட்சமும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கறதுக்குக் கடைக்காரருக்கு சட்டத்துல எடமில்லை, பேங்க் வழியாத்தான் குடுக்கோணும், ரெண்டு லட்சத்துக்கு மேல போனா பான் நம்பரும் கேப்பாங்க. 10 லட்சத்துக்கு மேல வாட்ச் வாங்குனா 2025 ஏப்ரல் 22ல இருந்து ஒரு சதம் டிசிஎஸ், அதாவது விக்கறப்பவே கடைக்காரர் வசூல் பண்ற வருமான வரி, புடிக்கறாங்க, அது உங்க பான்ல ஏறும், ஐடி ரிட்டர்ன்ல கணக்குல எடுத்துக்கலாம், ஆடிட்டர்கிட்ட மறக்காம சொல்லிருங்க. சுவிஸ் உள்ளிட்ட நாலு நாட்டோட இந்தியா போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1ல நடைமுறைக்கு வந்திருக்குது, அதுல சுவிஸ் வாட்ச் மேல இருக்கற இறக்குமதி டியூட்டி படிப்படியா கொறையுது. அதுக்காக வாங்கறதைத் தள்ளிப் போடோணுமான்னா, நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன், ஒரு பக்கம் டியூட்டி எறங்குனா இன்னொரு பக்கம் சுவிஸ் காசு பிராங்க் ஏறுது, கம்பெனியும் வெலையை ஏத்துது.

துபாய்ல, சிங்கப்பூர்ல இருக்கற சொந்தக்காரங்ககிட்ட சொல்லி வாங்கறதும் நம்ம ஊர்ல சகஜம். அங்க வரி கம்மி, துபாய்ல வாட் 5 சதம், சிங்கப்பூர்ல ஜிஎஸ்டி 9 சதம், டூரிஸ்டா போறவங்களுக்கு அதுலயும் ஒரு பங்கு திரும்பக் கெடைக்கும். ஆனா இங்க எறங்குனவொடனே வரம்புக்கு மேல இருக்கற தொகைக்கு கஸ்டம்ஸ்ல சொல்லி டியூட்டி கட்டோணும். பில்லை ஒளிச்சுட்டு கையில கட்டிட்டு வந்தா தெரியாதுன்னு யாராச்சும் ரோசனை சொன்னா கேக்காதீங்க, புடிபட்டா வாட்சும் போகும், அபராதமும் ஆகும், கொண்டாந்து குடுக்கற பங்காளிக்கும் தொந்தரவு. டியூட்டியும் சேத்துக் கணக்குப் போட்டா பல நேரம் இங்கியே வாங்கறதோட பெரிய வித்தியாசம் வராது.

செகண்ட்ஸ்ல வாங்கலாமான்னா, நல்லா வாங்கலாம், ஆனா மொத வாட்சுக்கு பாக்ஸ், கார்டு, பில்லு மூணும் இருந்தா மட்டும். வாட்சை விக்கறவரு ஆரு, எத்தனை நாளா வெச்சிருந்தாரு, எங்க சர்வீஸ் பண்ணுனாருன்னு பேச்சுக் குடுங்க, நேர்ல பாக்காம பணம் அனுப்பாதீங்க. உங்களுக்கு நம்பிக்கையான வாட்ச் ரிப்பேர்காரர்கிட்ட கொண்டு போய் பின்மூடியைத் தொறந்து மெஷினைப் பாக்கச் சொல்லுங்க, டைம்கிராபர்ங்கற மெஷின்ல வெச்சா துடிப்பைக் கேட்டு நாளைக்கு எத்தனை செகண்டு மாறுது, துடிப்பு எத்தனை டிகிரி வீச்சுன்னு காட்டும், முழு சாவில படுக்க வெச்சு 270க்கு மேல இருந்தா மெஷின் தெம்பா இருக்குது, 220க்குக் கீழ போனா சர்வீசுக்கு நேரம் வந்துருச்சு, அந்தச் செலவை வெலைல கொறைச்சுக் கேளுங்க. பழைய ஹெச்எம்டிங்கள்ல டயலை மட்டும் புதுசா கலர் கலரா பெயிண்ட் அடிச்சு விக்கறாங்க, ஆச இருந்தா வாங்குங்க, ஆனா அது ஒரிஜினல் டயல்னு நெனச்சு எச்சா வெலை குடுக்காதீங்க. ஃபர்ஸ்ட் காப்பி பக்கமே போகாதீங்க, இன்னொருத்தர் பேரைத் திருடி ஒட்டுன பொருள் நம்ம கையில எதுக்குங்க, அந்தக் காசுக்கு ஒரு ஒரிஜினல் சீக்கோ 5 வந்துரும்.

வாங்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு கேள்வி கடைல கேட்டே ஆகோணும், சர்வீஸ் எங்க நடக்கும்னு. கோயமுத்தூர்லயே பண்ணுவாங்களா, சென்னைக்கோ பெங்களூருக்கோ மும்பைக்கோ போகுமா, எத்தனை வாரம் ஆகும், முழு சர்வீஸ் இன்னைக்கு வெலைல எவ்வளவு. ஆட்டோமேட்டிக் வாட்சுக்கு அஞ்சுல இருந்து ஏழு வருசத்துக்கு ஒருக்கா பிரிச்சுக் கழுவி எண்ணெய் விடோணும், அந்தச் செலவும் வாட்ச் வெலைல சேந்ததுதான்னு நெனச்சுக்கங்க. வாரண்டி பிராண்டைப் பொறுத்து பெரும்பாலும் ரெண்டு வருசத்துல இருந்து அஞ்சு வருசம் வரைக்கும் இருக்கும்.

வாங்கிட்டு வந்தவொடனே பண்ண வேண்டியது கொஞ்சம்தான். பில்லையும் கார்டையும் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. ராத்திரி ஒம்போது மணில இருந்து விடியக்காலம் மூணு மணி வரைக்கும் தேதியை மாத்தாதீங்க, அந்த நேரத்துல உள்ள பல்சக்கரம் தேதியைத் தள்ளப் புடிச்சிட்டிருக்கும், நாம திருகுனா பல்லு ஒடையும். மொதல்ல முள்ளைச் சுத்தி ஆறு மணிக்குக் கொண்டாந்துட்டு தேதி வையுங்க. நின்னு போன ஆட்டோமேட்டிக்கை ஆட்டி ஆட்டி ஓட வெக்காம திருகுல முப்பது சுத்து சாவி குடுத்துட்டுக் கட்டுங்க. முறுக்கி மூடற திருகா இருந்தா டைம் வெச்சதும் மறுபடி மூடிட்டீங்களான்னு ஒருக்கா பாத்துருங்க, இதை மறந்தா தண்ணி எறங்கிரும். வேர்வை புடிச்ச செயினை வாரத்துக்கு ஒருக்கா பழைய பிரஷ்ல லேசா சோப்புத் தண்ணி தொட்டுத் தேச்சு நல்ல தண்ணில அலசித் தொடைங்க, லெதரா இருந்தா ஈரத் துணியோட நிறுத்திக்கங்க. மொத ஒரு மாசம் காலைல போன் டைமோட ஒத்துப் பாத்து எத்தனை செகண்டு மாறுதுன்னு குறிச்சு வையுங்க. ஒரே அளவா மாறிட்டிருந்தா மெஷின் நல்லா இருக்குது, ஒரு நாள் கூட ஒரு நாள் கொறையன்னு தாறுமாறா போச்சுன்னா அந்தக் குறிப்பையும் எடுத்துக்கிட்டு வாரண்டி இருக்கறப்பவே டீலர்கிட்டப் போங்க, எடுத்து ஓட்டத்தைச் சரி பண்ணிக் குடுப்பாங்க.